ஊர் குடித்த செலினியம்

அவரிடம் எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்.

"வலி எப்படிங்கய்யா இருக்கு?"

"நீ சாப்ட்டியா தாயி?"

"காலையில வாந்தி எடுத்தீங்களா?"

"ஏன் இப்பிடி வாடிக் கெடக்கு உம்மொகம்? ஹாஸ்டல்ல என்னத்தப் போடுறாக?"

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போடுறேன். மொதல்ல அந்த ஆரஞ்சுல ஒண்ண எடு. வந்த எடத்துல கை நனைக்காமப் போனா எப்பிடி?"

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. நனைத்தால் உறவு, நனைக்காமல் எழுந்துபோனால் பகை. நடுவில் இன்னொரு நிலை கிடையாது. ஊரெல்லாம் மதிக்கிற இந்தச் சட்டத்துக்கு போலீஸும் கோர்ட்டும் இவர் ஒருவரே. வார்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பந்திக்காரர்.

பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். ஆனால் விவசாயம் அவருக்கு உபதொழில்தான். கிடா வெட்டு, காது குத்து, பூப்பு நீராட்டு, எது நடந்தாலும் பந்தியில் வாளியோடு நிற்பதுதான் பிரதானத் தொழில். இலை இலையாகக் குனிந்து பார்ப்பாராம். குழம்பு வற்றிய இலையைக் கண்டால் பதறிவிடுவாராம். எழுந்திருக்கப் பார்க்கிறவரின் தோளை அமுக்கி, "என்ன மாப்ள, அம்புட்டுத்தேனா? எங்க வீட்டுச் சோறு கசக்குதோ?" என்பாராம். அதற்குப் பிறகு எழுந்து போக எவனுக்கும் தைரியம் வராது. கல்யாணத்தன்றுகூடத் தாலி கட்டிய கையோடு மணவறையிலிருந்து இறங்கி வாளியைத் தூக்கிவிட்டார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். "மாலையும் கழுத்துமா ரசம் ஊத்துனாரு. போட்டோக்காரரு எங்கூட யார நிக்க வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சாரு."

அவர் மட்டும் சாப்பிட மாட்டார். நிற்கிறவன் உட்கார்ந்தால் பந்தி படுத்துவிடும் என்பது அவர் கொள்கை. கடைசிப் பந்தி எழுந்த பிறகு ஒரு டீ, ஒரு வெற்றிலை. வீட்டில் விசேஷம் இல்லாத நாளிலும் யாராவது வந்துவிடுவார்கள். வராவிட்டால் இவர் வாசலில் நின்று போகிறவர்களைப் பிடித்து வருவார். இப்படி ஊருக்குச் சோறு போட்டுப் போட்டுத் தன் வயிற்றுக்கு வெற்றிலைச் சாறு ஊற்றிய மனிதருக்கு அல்சர் வந்தது. அது புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, ஆறித் தழும்பாகி, கடைசியில் இரைப்பையின் கீழ்வாசலை முக்கால்வாசி அடைத்துவிட்டது. அதற்கு மேல் திரவம்தான் இறங்கும், அதுவும் வாய் வாயாக. இரைப்பையை வேறு வழியில் குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்று தல்லாகுளத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தல்லாகுளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் வயிறு, குடல் அறுவைப் பிரிவில்தான் அப்போது நான் இருந்தேன். சத்துணவியல் படித்து முடித்த சூடு ஆறியிருக்கவில்லை. எங்கள் பெரிய டாக்டர், அறுவைக்கு வருகிறவர்களின் ரத்தத்தில் செலினியம் எவ்வளவு இருக்கிறது, குறைந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டு அறுத்தால் நல்லதா என்று ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். செலினியம் மண்ணில் இருக்கிற ஒரு தாது. பயிர் வழியாகவும் மீன், முட்டை, ஈரல் வழியாகவும் நமக்குள் வரும். துளியூண்டு போதும். ஆனால் கத்தி பட்ட உடம்பு தன்னையே எரித்துக்கொள்ளாமல் காக்கிற காவல்காரர்களில் அந்தத் துளியும் ஒருவர். சாப்பிட முடியாமல் வருகிற வயிற்று நோயாளிகளிடம் புரதம் காலியாவதோடு இதுவும் காலியாகிவிடுகிறது. நான் அந்த நாட்களில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் நகத்தைப் பார்த்துக்கூட இவருக்குச் செலினியம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி: "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

பந்திக்காரர் கட்டிலில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேத்தா? வெள்ளாட்டுக் கறி. எலும்பு தனி, கறி தனி. ஈரல் வறுவல். ரத்தப் பொரியல். அவிச்ச முட்ட. மீன் கொழம்பும் வச்சிருந்தோம், கறி திங்காதவுக இருப்பாகல்ல."

நான் கைவலிக்கத் தட்டச்சு செய்தேன். திரவமே வாய் வாயாக இறங்குகிற மனிதர் ஈரல் வறுவல் சாப்பிட்டது எப்படி என்று எனக்கு உறைக்கவில்லை; அவர் சொன்ன தோரணை அப்படி. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இவர் ராஜபோஜனம் சாப்பிடுகிறார், செலினியம் தாராளம் என்றது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அது வந்தவுக சாப்பிட்டது பாப்பா. இவரு குடிச்சது அரை டம்ளர் கஞ்சி. அதையும் வாந்தி எடுத்துட்டாரு."

"ஏம்மா, நம்ம வீட்டுல ஆக்கினதுதான கேக்குறாக?" என்றார் அவர் எரிச்சலாக.

ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வந்தது. புரதம் தரைமட்டம். செலினியம் அதற்கும் கீழே. இந்த லட்சணத்தில் அறுத்தால் தையல் பிடிக்காது, உள்ளே கசிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் பெரிய டாக்டர். அதற்காக வெகுநாள் தள்ளவும் முடியாது. மிச்சமிருக்கிற வாசலும் அடைத்துக்கொண்டிருந்தது. வார்டிலேயே வைத்துச் சத்துப் பொடியைக் கரைத்துக் கொடுப்பது, கூடவே செலினியம் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, மறுபடி ரத்தம் பார்ப்பது, ஏறினால் அறுப்பது என்று முடிவானது.

நான் பக்குவமாகத்தான் சொன்னேன், உடம்பில் சத்து குறைச்சலாக இருக்கிறது என்று. 'குறைச்சல்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. பார்க்க வந்திருந்த தங்கைகள் இருவரும் மனைவி பக்கம் திரும்பினார்கள்.

"கேட்டீகளா மதினி? எங்கண்ணன் வீட்டுல கொறச்சலாம். ஊரே திங்குது, எங்கண்ணனுக்கு மட்டும் நீங்க என்னத்தப் போட்டீக?"

"கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டாக போல."

நான் அவரைப் பார்த்தேன். 'நான்தான் சாப்பிடவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் ஜன்னல் வழியாக டூவீலர் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கைகளிடம் திரும்பி, "ஆரஞ்சு எடுத்துக்கங்க" என்றார்.

அந்தம்மா ஃபிளாஸ்க்கைக் கழுவ எடுத்துப் போனார்.

வார்டில் அவர் செய்த அட்டகாசங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் வில்லாபுரத்துக்காரர் ஒருவர், பித்தப்பைக் கல்லுக்காகக் காலையில் அறுவைக்குப் போக வேண்டியவர். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று போர்டு மாட்டியிருந்தது. பந்திக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "அறுக்கப் போறவன வெறும் வயித்தோட அனுப்புவாகளா? கெடாய்க்கே கொழ திங்கக் குடுத்துத்தானடா வெட்டுவோம்?" என்று தன்னைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த கேசரியை ஊட்டிவிட்டார். வில்லாபுரத்துக்காரரும் பசியில் வாயைத் திறந்துவிட்டார். அறுவை ரத்து. மயக்க டாக்டர் வார்டுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். பந்திக்காரர் அவர் போகிற வரை பொறுமையாக இருந்து, "பாவம், அந்த டாக்டரும் சாப்புடல போல" என்றார்.

இரண்டாம் முறை ரத்தம் பார்த்தோம். செலினியம் இருந்த இடத்திலேயே இருந்தது. புரதமும் அசையவில்லை.

அங்கேதான் விஞ்ஞானம் தன் வேலையைக் காட்டியது. பொடி தீர்கிறது. மாத்திரை தீர்கிறது. டம்ளர் காலியாகிறது. உடம்பில் மட்டும் ஏறவில்லை. அப்படியானால் குடல் உறிஞ்ச மறுக்கிறது! பெரிய டாக்டருக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. எனக்கு அதைவிட. ஓய்வறையில் உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகத் தோண்டினேன். அபூர்வமான உறிஞ்சல் கோளாறு, தென்மாவட்டத்தின் கரிசல் மண்ணோடு ஏதாவது சம்பந்தம் இருக்குமா என்று அம்புக்குறியெல்லாம் போட்டு ஸ்லைடு தயார் செய்தேன். அடுத்த மாநாட்டில் இதைப் பேசலாம் என்றார் டாக்டர். நோயாளி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்லைடு நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். அந்த நேரத்தில் நான் வார்டுக்குப் போவதில்லை. அன்றைக்கு மறந்துவைத்த சார்ஜரை எடுக்கப் போனேன்.

பேரையூரிலிருந்து வேன் வந்திருந்தது. கட்டிலைச் சுற்றிப் பெண்கள், ஜன்னலோரம் ஆண்கள். நடுவில் பந்திக்காரர் மடியில் பெரிய ஃபிளாஸ்க்கோடு வீற்றிருந்தார். கட்டில் மேல் துண்டை விரித்து, கேன்டீன் பேப்பர் கப்புகளை வரிசையாக வைத்து, பந்தியில் பாயசம் ஊற்றுகிற அதே கைவாகில் ஊற்றிக்கொண்டிருந்தார். அது எங்கள் சத்துப் பொடி. அந்த நாளைக்கான பொடி முழுவதும்.

"என்ன மாமா, போன தடவ ஏலக்கா வாசம் வந்துச்சு. இது வேற மாதிரி இருக்கு?"

"இது வெண்ணிலா மாப்ள. டாக்டரு மாத்திக் குடுத்திருக்காக. குடி, ஒடம்புக்கு நல்லது. ஏ சின்னவனே, ஒனக்குக் கால் வலின்ன? இந்தா, மாத்திர ஒண்ணு போட்டுக்க. செலினியம்னு பேரு. மண்ணுல இருந்து எடுக்குறாகளாம், தங்கம் மாதிரி."

"பெரியப்பா, போன வாரம் போட்டேன், நல்லாத் தூக்கம் வந்துச்சு."

"பின்ன? சும்மாவா குடுப்பாக?"

நான் கதவருகில் நின்றேன். அபூர்வமான உறிஞ்சல் கோளாறு என் கண்ணெதிரே ரெண்டாவது ரவுண்டு கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அத்தனை பேர் கன்னமும் பளபளவென்று இருந்தது. ஒருவேளை என் கண்ணுக்கு அப்படிப் பட்டதோ என்னவோ. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வா தாயி, வா. ஒரு கப்பு மிச்சம் இருக்கு."

கத்தினேன். கெஞ்சினேன். இது உங்கள் உயிர் என்றேன். "வந்தவுக மொகத்துக்கு முன்னால நான் மட்டும் மடக்கு மடக்குன்னு குடிக்கச் சொல்றியா? அதுக்கு அந்தக் கத்தியிலயே சாவேன்" என்றார். பார்வையாளர்களுக்குத் தடை போட்டார் பெரிய டாக்டர். பந்திக்காரர் கோபித்துக்கொண்டு கஞ்சியைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பிறகு பார்த்தால் ஃபிளாஸ்க்கோடு லிஃப்ட் அருகே போய் நிற்கிறார். ஊர்க்காரர்கள் கீழே நிற்கிறார்களாம். தடையை எடுத்துவிட்டோம். அவர் முன்னிலையில் டம்ளரைப் பிடித்து நிற்க நர்ஸ் ஒருவரை வைத்தோம். அந்த நர்ஸும் இரண்டு நாளில் கப்பும் கையுமாக இருந்தார்.

பெரிய டாக்டர் பந்திக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, இன்னும் இப்படியே போனால் அறுக்கவும் முடியாது, அறுக்காமல் இருக்கவும் முடியாது என்று சொன்னார். அந்தம்மா கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் பொடிய அவரு ஒழுங்காக் குடிச்சாப் பொழச்சுக்கிருவாரா?" பிழைப்பார் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் வேன் வந்தது. நான் வேண்டுமென்றே போய் நின்றேன். பந்திக்காரர் வழக்கம்போல் ஊற்றிக்கொடுத்தார். கப்புகள் உதடு வரை போயிருக்கும். கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டிருந்த அந்தம்மா, மடிக்கிற கையை நிறுத்தாமல் சொன்னார்:

"குடிங்க குடிங்க. டாக்டருதான் என்னமோ சொன்னாரு. இது இந்த நோவு உள்ளவுகளுக்குன்னே செஞ்சதாம். நல்ல வயித்துக்காரவுக குடிச்சா அவுகளுக்கும் உள்ள அடச்சுக்கிருமாம். அதுபோக இந்த நோவே ஒட்டுவாரொட்டிங்கிறாக. அவரு தொட்டது, ஊத்துனது, எல்லாத்துலயும் ஒட்டுமாம். சொந்தத்துக்குள்ள அதெல்லாமா பாக்குறது? நீங்க குடிங்க."

ஒருவர் வாயிலிருந்ததை வாஷ்பேசினில் துப்பினார். கப்புகள் ஒவ்வொன்றாகத் துண்டு மேல் திரும்பி வந்தன. பெரிய தங்கை, "எனக்குச் சக்கர இருக்கு மதினி, ஆகாது" என்றார். கால் வலிக்காரர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். இது ஒட்டுகிற நோயே இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்தம்மா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

வேன் சீக்கிரமே கிளம்பிவிட்டது. துண்டு மேல் நிரம்பிய கப்புகள் வரிசையாக இருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஊற்றியது திரும்பி வந்திருந்தது. அவர் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்னடி செஞ்ச?"

"ஆறிப்போகுது. குடிங்க."

ஊற்றியதைக் கீழே கொட்டுவது அவர் சட்டத்தில் கொலைக்குச் சமம். ஒவ்வொரு கப்பாக, வாய் வாயாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

பிறகு யாரும் வரவில்லை. போன் வந்தது. "போன்ல கை நனைக்க முடியுமா தாயி?" என்பார். ஆனால் குடித்தார், பகிர்ந்துகொள்ள ஆளில்லாததால் குடித்தார். புரதம் ஏறியது, செலினியம் ஏறியது. என் அபூர்வக் கோளாறு ஸ்லைடோடு அழிந்தது. அறுத்தார்கள். தையல் பிடித்தது. டிஸ்சார்ஜ் அன்று எங்கள் எல்லோருக்கும் அழைப்பு: குலசாமிக்குக் கிடா வெட்டு, அவசியம் வரணும், கை நனைக்கணும்.

நானும் வார்டு சிஸ்டரும் பஸ் ஏறிப் போனோம். கோயில் முன்னால் பந்தல். அண்டா அண்டாவாகக் கொதித்தது. பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் வைத்தாகிவிட்டது. கூட்டமும் வந்திருந்தது. எல்லோரும் பந்தலுக்கு வெளியே நின்றார்கள்.

பந்திக்காரர் வாளியோடு வந்தார். ஒடிந்து மெலிந்திருந்தாலும் நடை பழைய நடைதான். "என்ன நிக்கிறீக? உக்காருங்க!"

"இப்பதேன் சாப்ட்டு வந்தோம் அண்ணே."

"எனக்கு விரதம் மாமா."

"ஞாயித்துக்கெழம என்னடா விரதம்? அதுவும் நீ?"

"இந்த வாரத்துல இருந்து மாமா."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வீட்டில் இனி யாரும் கை நனைக்கப்போவதில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அறுவை அரங்கின் வாசலில்கூட அந்த மனிதரை அப்படிப் பார்த்ததில்லை. நானும் சிஸ்டரும் ஓடிப்போய் இலையில் உட்கார்ந்தோம். பின்னால் ஒருவர் சொன்னது நன்றாகக் கேட்டது: "ஆஸ்பத்திரிக்காரவுகளுக்கு ஒட்டாதுப்பா. அவுக ஊசி போட்டுருப்பாக." நான் எழுந்து நின்று, அல்சர் ஒட்டாது, தழும்பு ஒட்டாது, செலினியம் ஒரு தாது என்று விளக்க ஆரம்பித்தேன். கூட்டம் இன்னும் இரண்டடி பின்னால் போனது.

அடுப்படியிலிருந்து அந்தம்மா வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பந்தலின் நடுவில் நின்றார்.

"ஆஸ்பத்திரியில நாஞ்சொன்னது பொய்யி. ஒட்டாது. இவரு குடிக்க வேண்டியத நீங்க குடிச்சுக்கிட்டு இருந்தீக. அதுக்குச் சொன்னேன்."

"அதுக்காக?" என்றார் ஒரு பெரியவர். "புருசன் பேரக் கெடுத்துட்டியே தாயி."

"ஆளு இருந்தாத்தானய்யா பேரு."

யாரும் நகரவில்லை. பொய் என்று சொன்னது பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை முகத்துக்கு முகம் ஓடியது. அந்தம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு போய் முதல் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தார். அந்த வீட்டுப் பெண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த பெண்கள் கரண்டியோடு அப்படியே நின்றார்கள். அந்தம்மா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? வையுங்க. உங்க கையாலயே வையுங்க."

பந்திக்காரர் வாளியை எடுத்தார். சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், கறி வைத்தார்.

"ஈரலு?"

ஈரல் வந்தது.

அந்தம்மா பிசைந்தார். எல்லோரும் பார்க்க, ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார். அவசரமே இல்லை. எலும்பை உறிஞ்சினார், ஒதுக்கினார், இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். வியர்த்தது, துடைத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து ஒரு பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. விரதக்காரர் செருப்பைக் கழற்றினார். கால் வலிக்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இலைகள் நிரம்பத் தொடங்கியதும் பந்திக்காரர் பழக்க தோஷத்தில் அவர்கள் பக்கம் வாளியோடு ஓடப் பார்த்தார்.

"எங்க ஓடுறீக?" என்றார் அந்தம்மா, இலையிலிருந்து தலையைத் தூக்காமல். "இங்க ரசத்துக்குச் சோறு வையுங்க."